தூத்துக்குடிக் கடலில் கொடிமரபு: சுதேசிக் கப்பலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தேசியக் கொடியை ஏற்றும் முறை குறித்த விதிகள் பெரும்பாலும் நிலத்தை மையமாக வைத்தே பேசப்படுகின்றன. கடலிலோ கொடி, கப்பல் எந்த அரசின் சட்டத்துக்கு உட்பட்டது என்பதை அறிவிக்கும் சான்றாகவும் அமைகிறது. இவ்வேறுபாட்டைச் சுதேசி நாவாய்ச் சங்கத்தின் கப்பல்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கொடி நெறிமுறை, சுதேசிக் கப்பல், வ.உ.சி., முத்துக்குளித்துறை, வணிகக் கப்பற்கொடி.

முன்னுரை

கடற்கரையில் கொடி உயர்த்தும் வழக்கம் தமிழகத்தில் தொன்மையானது. புகார்த் துறையில் அசைந்த பலவகைக் கொடிகளைப் பட்டினப்பாலை விரித்துரைக்கிறது. முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கை, மீனைக் கொடியாகக் கொண்ட பாண்டியரின் துறைமுகமாக விளங்கியது. பின்னர் முத்துக்குளித்துறையில் போர்த்துக்கீசியர் ஆதிக்கம் நிலைபெற்றது. 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமாயிற்று. ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் அதனை மாறிமாறிக் கைக்கொண்ட பின், 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1825இல் ஆங்கிலேயரிடம் நிலையாகச் சேர்ந்தது. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் முத்துக்குளிப்பின் வருவாயும் சுங்கம் பெறும் உரிமையும் கைமாறின. ஆகவே, இக்கரையில் கொடி என்பது உரிமையைக் குறிக்கும் அடையாளமாகவே நெடுங்காலம் இருந்துவந்துள்ளது.

சுதேசிக் கப்பலும் கொடிச் சட்டமும்

தூத்துக்குடி - கொழும்பு கடல்வழி பிரிட்டிஷ் இந்தியா நாவாய் நிறுவனத்தின் பிடியில் இருந்த காலத்தில், வ.உ. சிதம்பரம் பிள்ளையின் பெருமுயற்சியால் சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபர் 16இல் பதிவுசெய்யப்பட்டது. பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், மொத்தம் 10 இலட்சம் ரூபாய் என அதன் மூலதனம் திட்டமிடப்பட்டது. பாண்டித்துரைத் தேவர் தலைவராக விளங்கினார். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடியை வந்தடைந்தன.

இக்கப்பல்கள் எக்கொடியைத் தாங்க வேண்டும் என்பதில் சட்டம் ஐயத்துக்கு இடமளிக்கவில்லை. பிரிட்டிஷ் பேரரசு முழுவதற்கும் உரிய 1894ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின் 73ஆம் பிரிவு, பிரிட்டிஷ் குடிமக்களின் கப்பல்களுக்கும் படகுகளுக்கும் உரிய தேசியக் கொடி வணிகக் கப்பல்களின் சிவப்புக் கொடியே என அறிவித்தது. அதில் எவ்வகை மாற்றமும் செய்யலாகாது. உரிய அனுமதியின்றி வேறு தேசியக் கொடி ஏற்றினால் 500 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். கப்பலில் ஏறி அக்கொடியைப் பறிமுதல் செய்யவும் அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. அயல்நாட்டுத் துறைமுகத்தில் நுழையும்போதும் நீங்கும்போதும் கொடி ஏற்றுவது கட்டாயம் என்றும், 50 டன்னும் அதற்கு மேலும் கொள்ளளவுள்ள கப்பல்களுக்குப் பிரிட்டிஷ் துறைமுகங்களிலும் அது கட்டாயம் என்றும் 74ஆம் பிரிவு கூறியது.

அந்நியர் ஆதிக்கத்தை எதிர்க்கவே தோன்றிய சங்கத்தின் கப்பல்கள் அவ்வரசின் கொடியைத் தாங்கியே பயணம் செய்தாக வேண்டும் என்பது இதன் பொருள். சுதேசிக் கப்பலில் ‘வந்தே மாதரம்’ பொறித்த கொடி பறந்ததாகப் பொதுவழக்கில் சொல்லப்படுவதுண்டு. இக்கூற்றை ஆராயும்போது, அக்கொடி கப்பலின் எவ்விடத்தில் பறந்தது என்னும் வினா முதன்மை பெறுகிறது. கப்பலின் பின்புறத்தில் பறப்பது நாட்டைக் குறிக்கும். பாய்மரத்தில் பறப்பது உரிமையாளரான நிறுவனத்தைக் குறிக்கும். நிறுவனக் கொடியின் வடிவம், தேசியக் கொடிகளையும் போர்க்கப்பல் கொடிகளையும் ஒத்திராத வரையில், உரிமையாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. எனவே, சிவப்புக் கொடியில் ‘வந்தே மாதரம்’ எனப் பொறிப்பது குற்றமாகும். அச்சொற்களைத் தாங்கிய தனி நிறுவனக் கொடியைப் பாய்மரத்தில் ஏற்றுவது குற்றமாகாது. 1908 சூலையில் வ.உ.சி. தண்டிக்கப்பட்ட அரசநிந்தனை வழக்கிலும் குற்றச்சாட்டின் மையமாக அமைந்தவை அவருடைய மேடைப்பேச்சுகளே.

அக்காலத்தில் இந்தியாவுக்கென முடிவான கொடி ஒன்றும் இல்லை. ‘வந்தே மாதரம்’ என்னும் சொல், வச்சிரம், இளம்பிறை ஆகியன அமைந்த கொடியைப் பாரதியார் தம் பாடலில் காட்டுகிறார். மூவண்ணக் கொடியைக் காங்கிரசு ஏற்றது 1931இல்தான். சுதேசி நாவாய்ச் சங்கமோ 1911இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. ஆகவே, பிற்கால மூவண்ணக் கொடியைச் சுதேசிக் கப்பலின்மீது ஏற்றிப் பார்ப்பது காலவழுவாகும்.

விடுதலைக்குப் பின்

1947 சூலை 22இல் அரசியல் நிர்ணய சபை இன்றைய தேசியக் கொடியை ஏற்றது. நிலத்தில் பிரிட்டிஷ் கொடி முற்றிலும் அகன்றது. கடலிலோ மாற்றம் வேறுவகையில் நிகழ்ந்தது. இந்திய வணிகக் கப்பற்கொடி இன்றும் சிவப்புநிறப் பரப்பையே கொண்டுள்ளது. கம்பத்தை ஒட்டிய மேல்மூலையில் பிரிட்டிஷ் கொடி இருந்த இடத்தில் மூவண்ணக் கொடி அமைந்துள்ளது.

இவ்விரு கொடிகளுக்கும் உரிய நெறிகள் வேறுபடுகின்றன. தேசிய மரியாதையை அவமதிப்பதைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டு சட்டமும் 2002 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்பும், எவருக்கும் எப்பொருளுக்கும் வணக்கமாகத் தேசியக் கொடியைத் தாழ்த்தலாகாது என்கின்றன. ஆனால், போர்க்கப்பலை எதிர்ப்படும் வணிகக் கப்பல் தன் கொடியைச் சற்றே தாழ்த்தி உயர்த்துவது கடல்மரபு. தாழ்த்தப்படுவது தேசியக் கொடியன்று, வணிகக் கப்பற்கொடியே ஆதலின் இங்கு முரண்பாடு இல்லை. தலைகீழாக ஏற்றிய கொடி பழைய கடல்வழக்கில் ஆபத்தின் அறிகுறி. இந்தியச் சட்டத்தில் வேண்டுமென்றே காவி நிறம் கீழாக ஏற்றுவது அவமதிப்பு.

விதித்தொகுப்பின் சில கூறுகள் கடற்கரை மக்களை நேரடியாகத் தொடுகின்றன. கொடி தரையில் படவோ நீரில் இழுபடவோ கூடாது. படகின் மேற்புறத்திலோ பக்கங்களிலோ பின்புறத்திலோ அதனைப் போர்த்தலாகாது. கிழிந்த, சிதைந்த கொடியை ஏற்றலாகாது. உப்புக்காற்றிலும் கடுவெயிலிலும் துணி விரைவில் நைந்துபோகும் தோணித்துறையில் இக்கடைசி விதியைப் பேணுவதற்குத் தொடர்ந்த கவனம் தேவை. குடிமக்கள் கொடியை இரவிலும் பறக்கவிட 2022 சூலையில் இசைவு வழங்கப்பட்டது. எனினும் அதன் நிலையைக் கண்காணிக்கும் கடமை நீங்கவில்லை.

முடிவுரை

நிலத்தின் கொடி நெறி மரியாதையை முதன்மைப்படுத்துகிறது. கடலின் கொடி நெறி உரிமையையும் சட்டப் பொறுப்பையும் முதன்மைப்படுத்துகிறது. சுதேசிக் கப்பலின் வரலாற்றை எழுதுவோர் நிலத்தின் அளவுகோலைக் கொண்டு கடலை அளப்பதால் பிழை நேர்கிறது. பின்புறத்தில் அரசின் கொடி பறந்தமை அச்சங்கத்தின் நாட்டுப்பற்றைக் குறைப்பதாகாது. பேரரசின் சட்டத்துக்கு உட்பட்டு நின்றே, கட்டணம், சரக்கு, பங்கு மூலதனம் ஆகியவற்றின் வழியாக அப்பேரரசின் வணிக நலனை எதிர்த்தமையே அதன் தனித்தன்மையாகும். இத்துறைமுகம் இன்று வ.உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கியுள்ளது. ஒரு சான்று ‘கொடி பறந்தது’ என்று கூறுமிடத்து, எக்கொடி, கப்பலின் எவ்விடத்தில், எச்சட்டத்தின்கீழ் என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பிய பின்னரே அதனை வரலாற்றுத் தரவாகக் கொள்ளுதல் தகும்.