பேசிய தமையனும் பேசாத தம்பியும்

கல்முனைப் பகுதிப் பாடசாலைகளின் கலைவிழாக்களில், ஜாக்சன் துரையை அதட்டும் கட்டபொம்மன்கள் பலரைக் கண்டிருக்கிறேன். அவ்வசனத்தை அவர்கள் ஏட்டிற் படித்தவர்களல்லர். 1959 ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படத்தில், சிவாஜி கணேசனின் குரலாகக் கேட்டுப் பழகியவர்கள். கடலுக்கு அப்பால், இருநூறு ஆண்டுகளுக்கு முன் மடிந்த ஒரு பாளையக்காரன் நம் பிள்ளைகளின் நாவில் வாழ்வது அப்படத்தின் பயனே. 1960 இல் கெய்ரோ ஆசிய ஆபிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் பரிசையும் அது சிவாஜிக்கு ஈட்டித் தந்தது.

ஆயினும், நேயர்களே, 1798 செப்டெம்பரில் இராமநாதபுரத்தில் நிகழ்ந்த சந்திப்பு வேறுவகையானது. கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை ஊரூராக அலையவைத்து, இறுதியில் நெடுநேரம் நிற்கவைத்தே விசாரித்தார். கைகலப்பு மூண்டது, கிளார்க் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி மாண்டார். பின்னர்க் கட்டபொம்மன் சென்னைக்கு முறையிட, கும்பினியாரே விசாரணை நடத்தி ஜாக்சனைப் பதவியினின்று நீக்கினர். மனு எழுதி நியாயம் பெற்ற வீரனைத் திரையிற் காட்டினாற் கைதட்டல் எழாது போலும்!

அதனை நான் பெரிதுபடுத்தவில்லை. என் மனத்தை உறுத்துவது வேறொன்று. படம் 1799 ஒக்டோபர் 16 ஆம் நாள் கயத்தாற்றுத் தூக்குமரத்தோடு முடிகிறது. போர் அங்கே முடியவில்லை. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்த தம்பி ஊமைத்துரை 1801 பெப்ரவரியில் தப்பி வந்தான். இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களுக்குள் மீண்டும் எழுப்பினான். மே மாதம் வரை கும்பினிப் படை அம் மண்கோட்டையின் முன் திணறியது. கோட்டை வீழ்ந்த பின்னும் சிவகங்கை மருது சகோதரரோடு சேர்ந்து போரிட்டு, அவ்வாண்டு நவம்பரில் அவனும் தூக்கிலிடப்பட்டான்.

இத்தனையும் செய்தவன் நாவால் அன்றிச் சைகையாலே ஆணையிட்டவன். அவனை எதிர்த்துப் போரிட்ட வெல்ஷ் என்னும் ஆங்கிலேயரே, 1830 இல் வெளியிட்ட தம் நினைவு நூலில், நோயாளி போல் மெலிந்த அவ்விளைஞனின் ஆற்றலை வியந்து எழுதியிருக்கிறார். பகைவன் எழுதிய புகழுரையைக் காட்டிலும் பெரிய சான்று வேண்டுமோ?

படத்திலும் ஊமைத்துரை வருகிறான், ஓ. ஏ. கே. தேவர் அவ்வேடம் தாங்கினார். ஆனால் வசனமே உயிராய் அமைந்த படத்தில், முன்னிற்பவன் தமையனே. அவன் இறந்ததும் திரை விழுந்துவிடுகிறது. தம்பியின் போர் திரைக்குப் பின்னே நின்றுவிடுகிறது.

எங்கள் பாடசாலையிற் கட்டபொம்மனாக நடித்த சிறுவனிடம், "மகன், அடுத்த முறை ஊமைத்துரையாக வருவாயா?" என்று கேட்டேன்.

"அதுல பேசுறதுக்கு ஒண்டும் இல்லியே, சேர்!" என்றான்.