மொட்டை மாடியும் சுவர்ப் பெட்டியும்

2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் குடிநீரை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் சென்னை வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. தண்ணீர் ரயிலேறி வந்த அந்த நாளிலும், நகரத்துச் சமையலறைகளில் ஆர்.ஓ. இயந்திரங்கள் ஒரு குடம் நல்ல நீர் எடுக்க ஏறக்குறைய மூன்று குடம் நீரைச் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தன. அந்தச் சமையலறைகளுக்கு மேலே மொட்டை மாடி இருக்கிறது. ஒரே வீட்டின் இந்த இரண்டு நீர் வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது.

முதலில் சுவர்ப் பெட்டி. மிக நுண்ணிய துளைகள் கொண்ட ஒரு சவ்வின் வழியே பம்ப் நீரை அழுத்துகிறது. நீர் கடந்துவிடும், உப்பு பின்தங்கிவிடும். பின்தங்கிய உப்பு சவ்வை அடைத்துவிடாமல் அடித்துச் செல்லவும் நீர் வேண்டும். கழிவுக் குழாயில் ஓடுவது அதுதான். நால்வர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், வெளியேறுவது 60 லிட்டர். ஆண்டுக்கு 21,900 லிட்டர், அதாவது இரண்டு பெரிய டேங்கர் லாரி. இதைச் செடிக்கு ஊற்றலாமே என்பார்கள். லிட்டருக்கு 900 மில்லிகிராம் உப்புள்ள போர் தண்ணீரை உள்ளே விட்டால், கழிவில் அது 1,200-ஐ நெருங்கும். தொட்டிச் செடிக்குத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணில் உப்பு தங்கி இலை நுனி கருகத் தொடங்கும். தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதைப் பிடிக்க ஒரு வாளி வைத்திருக்கும் வீடுகளை விட வைக்காத வீடுகளே அதிகம்.

இனி மொட்டை மாடி. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மாடியில் விழுவது சுமார் 1,30,000 லிட்டர். சிதறலும் ஆவியாதலும் போக ஒரு லட்சம் லிட்டராவது கைக்கு வரும். அதே நால்வரின் குடிநீர், சமையல் தேவை ஆண்டுக்கு 7,300 லிட்டர்தான்! கிடைப்பதில் பதினான்கில் ஒரு பங்கு. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதை 4,000 லிட்டர் தொட்டியில் பிடித்து வைத்தால், மழை ஓய்ந்த பிறகு ஆறு மாதத்துக்கு மேல் வரும். மீதி மழை வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்கோ போருக்கோ போகட்டும்.

இதற்குப் பக்குவம் உண்டு. பருவத்தின் முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும், மாடியின் தூசியும் காக்கை எச்சமும் அதோடு போகும். பிறகு வருவது கூழாங்கல், மணல், கரி அடுக்குகளைக் கடந்து, வெளிச்சமும் கொசுவும் புகாத தொட்டிக்குச் செல்ல வேண்டும். குடிக்கும் முன் காய்ச்ச வேண்டும். மழை நீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் சவ்வுக்கு அங்கே வேலையே இல்லை.

ஆர்.ஓ.வின் மின்செலவு பெரிதல்ல, அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். தேய்ந்த சவ்வும் வடிகட்டிக் குழல்களும் குப்பைக்குப் போவது குறைதான். அந்த இயந்திரம் தேவைப்படும் இடமும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலந்திருக்கிறது. காய்ச்சினால் அது போகாது, ஆர்.ஓ. நீக்கும். ஆனால் கூரையில் விழும் மழையில் அந்த ஃபுளோரைடு இல்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். சொந்த மாடி இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பில், உவர் நீர் மட்டுமே வரும் குடும்பத்திடம் இயந்திரத்தைக் கழற்று என்று சொல்ல எனக்கு மனம் வராது.

தேவையில்லாத இடத்தில் மாட்டியிருப்பதுதான் என் வருத்தம். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய வழி செய்யும்படி 2019 மே மாதமே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. உப்பை அளக்கும் கருவி பேனா அளவுதான், விலையும் சில நூறு ரூபாய். இயந்திரம் வாங்குவதற்கு முன் அதை வாங்கியவர்கள் எத்தனை பேர்?

மாடி மழைக்கும் இதே போன்ற கதை உண்டு. 2003-இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நாட்டுக்கே முன்மாதிரியான சட்டம் அது. ஆனால் அன்று தோண்டிய குழிகள் பலவற்றில் இன்று வண்டல் இறுகிக் கிடக்கிறது. சிலவற்றின் மேல் டைல்ஸ் பதித்து வண்டி நிறுத்துகிறார்கள். இயந்திரத்துக்கு ஆண்டுதோறும் சர்வீஸ் செய்யப் பணம் கட்டும் நாம், குழிக்கு ஒரு நாள் கூலி கொடுக்கத் தயங்குகிறோம்.

சொந்த மாடி உள்ள வீட்டுக்கு மழைத் தொட்டியே முதல் வழி, இயந்திரம் கடைசி வழி. புரட்டாசி முடிவதற்குள் மாடியைக் கூட்டுங்கள். குழியின் மூடியைத் திறந்து வண்டலை அள்ளுங்கள். ஆர்.ஓ. இருந்தே தீர வேண்டிய வீடு என்றால், அந்தக் கழிவுக் குழாயின் கீழ் இன்றைக்கே ஒரு வாளியை வையுங்கள்.