விரல்களுக்கு ஓர் எழுத்தாணி

பார்வையற்ற பிள்ளைகளின் கல்வி வரலாற்றை எழுதுவோர், அவர்களுக்கென முதல் புத்தகம் எப்பொழுது அச்சாயிற்று என்பதையே பெரும்பாலும் முதற்கண் ஆராய்வர். எழுதும் கருவி எப்பொழுது அப்பிள்ளைகளின் கைக்கு வந்தது என்பதே நமக்கு முக்கியமாகப் படுகிறது.

பாரிசில் வலன்டின் ஆயி என்பார் 1785இல் நிறுவிய பள்ளியில், ஈரத்தாளை அச்செழுத்துகளின்மீது அழுத்தி, ரோமன் எழுத்துகளையே மேடாக எழுப்பிப் புத்தகமாக்கினர். முயற்சி போற்றத்தக்கதே. ஆயினும், விரல் உணரத்தக்க அளவுக்கு எழுத்துப் பெரிதாக வேண்டியிருந்தமையால், நூல்கள் பாரமும் விலையும் மிகுந்து, எண்ணிக்கையில் குறைந்திருந்தன. வளைவுகளைத் தடவி எழுத்தை அறிவதும் மெதுவான வேலை. யாவற்றினும் பெரிய குறை, பிள்ளை அம்முறையில் தானே எழுதுதல் மிக அரிதாயிருந்தமையே. பார்வையுள்ளோர் தமக்கு எளிதானது பிறர்க்கும் எளிதென்று கருதினர். நம்முடைய நற்பணிகளிலும் இம்மனப்பான்மை அரிதன்று.

1819இல் அப்பள்ளியில் சேர்ந்த லூயி பிரெயில், குதிரைச் சேணம் செய்பவரின் மகன். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் கூரிய கருவி பட்டதால் பார்வையிழந்தவர். சார்ல் பார்பியே என்னும் படைத்துறையினர் 12 புள்ளிகளால் வகுத்திருந்த முறையைக் கற்று, அதனை 6 புள்ளிகளாகக் குறுக்கினார். 1824இல் முறை உருப்பெற்றபோது அவருக்கு வயது 15. ஆறு புள்ளிகளும் ஒரு விரல்நுனியில் அடங்கும். 63 குறிகளைத் தரும். கட்டங்கள் வெட்டிய சிலேட்டு, முனை மழுங்கிய ஊசி, தடித்த தாள் ஆகியவையே தேவை. தாளில் வலமிருந்து இடமாகக் குத்தி, திருப்பிப்போட்டு இடமிருந்து வலமாக வாசிக்கவேண்டும்.

பள்ளி இதனை எளிதில் ஏற்கவில்லை. 1840இல் இயக்குநரான துஃபோ இம்முறையை விலக்கிவைத்தார். மாணவர் மறைவாக எழுதிவந்தனர் என்பர். 1844இல் புதிய கட்டடத் திறப்பு விழாவில் இது வெளிப்படையாகச் செய்துகாட்டப்பட்டது. பிரான்சு 1854இல் முறையாக ஏற்றபோது, பிரெயில் மறைந்து ஈராண்டுகள் ஆகியிருந்தன.

நம் நாட்டில், பாளையங்கோட்டையில் மிஷனெரி அம்மையார் ஆஸ்க்வித் 1890இல் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். ஆனால் இந்திய மொழிகளுக்குப் பல்வேறு புள்ளிமுறைகள் வழங்கிவந்தன. ஒருவர் கற்றது மற்றொருவருக்குப் பயன்படவில்லை. 1951இல் அமைந்த பாரதி பிரெயில், தமிழின் ககரத்துக்கும் இந்தியின் ககரத்துக்கும் ஒரே குறியை வைத்தது.

இன்று கைப்பேசியே நூலை வாசித்துக்காட்டுகிறது. எனவே புள்ளியெழுத்துத் தேவையில்லை என்று உதவிசெய்வோர் சிலர் கூறக் கேட்கிறோம். 'கரை' என்பதையும் 'கறை' என்பதையும் ஒரேவிதமாக ஒலிக்கும் கருவியிலிருந்து, பிள்ளை எதனை எழுதக் கற்கும்?