பழைய கார்களின் மறைவிடத் துருக்காப்பு

பழைய காரைப் புதுப்பிக்கும்போது கைக்கும் ஸ்ப்ரே கன்னுக்கும் எட்டாத உள்ளறைகளில் துரு ஏறாமல் பூச்சு கொடுக்கும் வேலை இது. கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டி, கதவின் அடிமடிப்பு, மட்கார்டுக்குப் பின்னுள்ள பொந்து, டிக்கி ஓரம், குறுக்குச் சட்டங்களின் உட்புறம் ஆகியவை முக்கியமான இடங்கள். வாங்க வருபவர் கண்ணில் படாதவை என்பதால் பட்டறைகளில் முதலில் விட்டுப்போவதும் இவைதான்.

திருவனந்தபுரத்தில் இந்த அலட்சியத்துக்குத் தண்டனை சீக்கிரம் வந்துவிடும். ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலாவர்ஷம் என்று ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். சங்குமுகம், கோவளம் பக்கம் நிற்கும் வண்டிக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். ஈரத்தில் கரைந்த உப்பு மின்னோட்டத்தை எளிதாகக் கடத்துவதால் இரும்பின் அரிப்பு வேகமாகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். மடிப்பில் ஒட்டியிருந்த தகடுகள் பிதுங்கிப் பிரிவது அதனால்தான். வெளிப் பெயின்டில் கொப்புளம் எழும்போது உட்புறம் பெரும்பாலும் சல்லடையாகியிருக்கும்.

இந்நகரின் பெயர் பெற்ற பழங்கார், திருவிதாங்கூர் அரச குடும்பத்து உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா (1922–2013) பல பத்தாண்டுகள் வைத்திருந்த மெர்சிடிஸ்-பென்ஸ் 180. 1953இல் அறிமுகமான இந்த மாடலில் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டவை. 2014 வரை தயாராகி நம் சாலைகளில் ஓடிய அம்பாசடரும் அந்த வகையே. இவற்றில் சில் பெட்டி வெறும் அலங்காரமன்று, வண்டியின் முதுகெலும்பு. அது இற்றுப்போனால் கதவைச் சரியாகச் சாத்த முடியாது. முழு உடலையும் தொட்டியில் முக்கி மின்சாரத்தால் பிரைமர் ஏற்றும் முறையை 1960களில்தான் ஃபோர்டு நிறுவனம் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய கார்களின் உள்ளறைகளில் பல இடங்களில் பூச்சே இருக்காது.

வேலை பெயின்ட் டப்பாவிலிருந்து தொடங்குவதில்லை. தண்ணீர் போகும் வழியிலிருந்து தொடங்குகிறது. கதவின் அடியிலும் சில்லின் அடியிலும் உள்ள வடிகால் துளைகளில் மண்ணும் இலைச்சருகும் அடைத்திருக்கும். சில வண்டிகளில் முந்தைய உரிமையாளர் பூசவைத்த பட்டிக் கலவையே அடைத்திருக்கும். ஒரு கம்பியால் குத்திப் பார்த்தால் கறுத்த சேறு வழியும். அது கழுவப்பட்டு முழுக்கக் காய்ந்த பிறகே மற்றது. இற்ற தகட்டை வெட்டிப் புதுத்தகடு வைக்கும்போது, ஒட்டும் இரு முகங்களிலும் வெல்டிங்கைத் தாங்கும் துத்தநாகப் பிரைமர் அடிக்க வேண்டும். துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும்.

துருவைக் கறுப்பாக மாற்றும் பாஸ்பாரிக் அமிலக் கரைசல்களை மூடிய பெட்டிக்குள் ஊற்றுவது நல்லதன்று. மிஞ்சும் அமிலத்தைக் கழுவி எடுக்க வழியில்லை. குறுகிய மூலையில் ஸ்ப்ரேயும் ஏமாற்றும்: காற்று எதிர்த்துத் திரும்பிப் பெயின்டையும் தள்ளிவிடும். கை நுழையும் இடத்தில் தூரிகையால் எபாக்சி பிரைமர் தடவுவதே மேல்.

மெழுகுப் பூச்சு கடைசியில். வெல்டிங் தீப்பொறி பட்டால் அது எரியும். பெயின்டுக்கு முன் அடித்தாலோ எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் குழி விழும். நுனியில் பக்கவாட்டுத் துளைகள் கொண்ட நீண்ட நைலான் குழாயைப் பெட்டியின் கடைசி வரை செருகி, அடித்தபடியே மெதுவாக இழுக்க வேண்டும். தகட்டிணைப்புகளின் இடுக்கில் மெழுகு ஊறி, அடித்துளைகளில் சொட்டினால் சேர்ந்துவிட்டது என்று பொருள். இங்கத்திய வெயிலில் உருகி ஓடாத வகையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

எண்ணெயால் துருவை அடக்கும் எண்ணம் பழையதே. 1921இல் அமெரிக்காவில் பிறந்த ரஸ்ட்-ஓலியம் பெயின்டின் தொடக்கமே மீனெண்ணெய்தான். கொல்லத்துக்குப் பேர் வாங்கித் தந்த முந்திரியின் ஓட்டெண்ணெயிலிருந்து கிடைக்கும் கார்டனால், ஈரப் பரப்பிலும் இறுகும் எபாக்சிக் கலவைகளுக்கு மூலப்பொருள்.

மெழுகு சொட்டி முடிய ஓரிரு நாள் ஆகும். அதன்பின் துளைகளை மறுபடி கம்பியால் திறந்துவிட வேண்டும். ஆண்டுதோறும் மே மாதத்தில், இடவப்பாதிக்கு முன், ரப்பர் மூடிகளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்து, வறண்ட இடத்தில் மட்டும் மறுபூச்சு கொடுத்தால் போதும்.