ஆதாரம் எங்கே தம்பி? - ஒரு பரீட்சைக் கேள்வியின் கதை

வரலாறுன்னா வருஷத்தை மனப்பாடம் பண்றதுன்னு நினைக்கிறவங்களுக்கு முதல்ல ஒரு பழைய கதை.

1845. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். அதுவரைக்கும் வாய்மொழியா நடந்த பள்ளித் தேர்வுக்குப் பதிலா, அச்சடிச்ச கேள்வித்தாளை நீட்டினாங்க. கல்விச் சீர்திருத்தவாதி ஹோரஸ் மேனும் அவரோட நண்பர் சாமுவேல் கிரிட்லி ஹோவும் சேர்ந்து முன்னெடுத்த வேலை இது. விடைத்தாளைப் பார்த்தா ஒரே அதிர்ச்சி. ஜெஃபர்சன் காலத்துல, 1807-ல வெளிநாட்டுக் கப்பல் வணிகத்துக்குத் தடை போட்டாங்க இல்லையா? அந்த வருஷத்தைச் சரியா எழுதின பிள்ளைகள்ல பலருக்கு அந்தத் தடைன்னா என்னன்னே தெரியலை!

தெரிஞ்சு வெச்சிருக்கறது வேற, புரிஞ்சுக்கறது வேற. இந்த இடைவெளியை அடைக்க அமெரிக்காக்காரங்க கண்டுபிடிச்ச ஒரு வழிதான் 'டிபிக்யூ'. அதாவது, ஆவணங்களை அடிப்படையா வெச்ச கேள்வி. 1973-ல, பள்ளியில படிக்கும்போதே கல்லூரித் தரத்துல எழுதற அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் அமெரிக்க வரலாற்றுத் தேர்வுலதான் இது முதல்ல வந்தது. கடிதம், பேச்சு, கேலிச்சித்திரம், புள்ளிவிவர அட்டவணைன்னு ஒரு கட்டு ஆவணங்களைக் கொடுத்துட்டு, "இதை வெச்சு ஒரு வாதத்தை எழுது"ன்னு சொல்லுவாங்க.

நல்ல யோசனைதான். ஆனா நம்ம பசங்க லேசுப்பட்டவங்களா? "முதல் ஆவணம் இப்படிச் சொல்கிறது, இரண்டாவது ஆவணம் அப்படிச் சொல்கிறது"ன்னு மளிகைக்கடை லிஸ்ட் மாதிரி எழுத ஆரம்பிச்சுட்டாங்க :-) 1982-ல கேள்வியை மாத்தினாங்க. ஆவணம் மட்டும் போதாது, வெளியில படிச்ச விஷயத்தையும் சேர்த்து எழுதணும்.

2001-ல நியூயார்க் மாநிலம் இதை எட்டாம் வகுப்புக்கே கொண்டு வந்துச்சு. பதிமூணு, பதினாலு வயசுப் பிள்ளைங்க! அதனால ரெண்டு படியா பிரிச்சாங்க. முதல்ல ஒவ்வொரு ஆவணத்துக்கும் கீழே சின்னக் கேள்விகள். அப்புறம்தான் கட்டுரை. ஏணி நல்ல ஏணிதான், ஆனா பல பிள்ளைங்க முதல் படியிலேயே உட்கார்ந்துடுவாங்க.

வகுப்பறைக்கு ஏத்த ஒரு உதாரணம் பார்ப்போம். 1911-ல லூயிஸ் ஹைன் பென்சில்வேனியாவில எடுத்த புகைப்படம். முகமெல்லாம் கரி அப்பின சிறுவர்கள். நிலக்கரியிலேர்ந்து கல்லைப் பொறுக்கி எடுக்கறது அவங்க வேலை. "இந்தப் படத்தில் சிறுவர்கள் வேலை செய்கிறார்கள்"னு எழுதினா அது வெறும் வர்ணனை. அதை ஆதாரமா மாத்தணும்னா மூணு கேள்வி கேட்கணும்.

முதல் கேள்வி, யார் எடுத்தது, எதுக்காக? ஹைன், குழந்தை உழைப்பை எதிர்த்த தேசியக் குழுவுக்காக வேலை பார்த்தவர். மனசை உருக்கற காட்சியைத்தான் தேடியிருப்பார். அதனால படம் பொய்யாயிடாது. ஆனா ஒரு சுரங்கத்தை வெச்சு நாடு பூரா இப்படின்னு சொல்லிட முடியாது.

ரெண்டாவது, வேற ஆதாரம் ஒத்துப்போகுதா? 1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல 10 முதல் 15 வயசுக்குள்ள வேலை செஞ்ச பிள்ளைங்க சுமார் 17.5 லட்சம் பேர். இப்போ படமும் எண்ணும் ஒண்ணை ஒண்ணு தாங்கிப் பிடிக்குது.

மூணாவது, ஆவணத்துக்கு வெளியே என்ன நடந்தது? குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்த 1916-ல வந்த மத்திய சட்டத்தை 1918-ல உச்ச நீதிமன்றம் ரத்து செஞ்சது. 1938 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாப் போச்சு. இதைச் சேர்த்தா, "ஆதாரம் கண்ணெதிரே இருந்தும் மாற்றம் ஏன் தாமதமாச்சு?"ன்னு கட்டுரைக்கு ஒரு முதுகெலும்பு கிடைச்சிடுது.

இது பெரியவங்களுக்குத் தானா வந்துடும்னு நினைக்காதீங்க. சாம் வைன்பர்க் 1991-ல ஒரு ஆய்வு வெளியிட்டார். எட்டு வரலாற்றாசிரியர்கள், எட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். ரெண்டு தரப்புக்கும் ஒரே ஆவணங்கள். ஆசிரியர்கள் 'எழுதினது யாரு'ன்னு முதல்ல பார்த்தாங்க. மாணவர்கள் மேலேர்ந்து கீழே வாசிச்சுக்கிட்டே போனாங்க. அதிகம் நம்பினது எதைத் தெரியுமா? பாடப்புத்தகத்தை!

இத்தனைக்கும் அப்புறம், 2010-ல அந்த எட்டாம் வகுப்புத் தேர்வையே நியூயார்க் நிறுத்திடுச்சு. காரணம், செலவு. அதே வருஷம் வந்த காமன் கோர் பாடத்தரம், சான்றோட வாதம் எழுதணும்னு 6-லேர்ந்து 8-ஆம் வகுப்பு வரைக்கும் கேட்டது உண்மைதான். 2015-ல அதை ஒட்டிப் பல மாநிலங்கள்ல புதுத் தேர்வுகளும் வந்துச்சு. ஆனா அதெல்லாம் மொழிப்பாடத் தேர்வு. கொடுத்த பத்தியிலேர்ந்து சான்றை எடுத்துக் காட்டினா போதும். அந்தச் சான்றையே குறுக்கு விசாரணை பண்ற வேலை வரலாற்று வகுப்போடது. தேர்வு இல்லாத பாடத்துக்கு நேரம் எங்கே மிஞ்சும்?

என் கட்சி இதுதான். எத்தனை ஆவணத்தைத் தொட்டேன்னு எண்ண வைக்கிற பயிற்சி, தேர்வு முடிஞ்ச அன்னிக்கே செத்துடும். 'யார் சொன்னது, எதுக்குச் சொன்னான், வேற யாராவது சொன்னாங்களா'ன்னு கேட்கப் பழகின பிள்ளைக்குத் தேர்வு இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். கண்டதும் ஃபார்வர்டு ஆகுற இந்தக் காலத்துல அந்தக் கேள்விகள் நமக்கும்தான் தேவை.

வகுப்பெடுக்கிற நண்பர்கள் யாராச்சும் இருந்தா, நீங்க எந்த ஆவணத்தைக் கொடுத்து ஆரம்பிப்பீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.