அலையோரத்தில் ஒரு வீடு

எங்கள் ஓசூருக்கும் கடலுக்கும் உள்ள உறவு ஒன்றே ஒன்றுதான். இரயில் நிலையத்து மஞ்சள் பலகையில், ஊர்ப் பெயருக்குக் கீழே, கடல் மட்டத்திற்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், கருநாடக எல்லையில், பாறைக் குன்றுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடுவே வாழும் எங்களுக்குக் கடல் என்பது அந்த ஓர் எண்ணேயாகும். எங்கள் ஊரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராஜாஜி, 1930-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியம்வரை உப்பெடுக்க நடந்தார். அவர் கடலை நாடியதற்குப் பெரியதொரு காரணம் இருந்தது. வரலாற்று ஆசிரியனாகிய எனக்கோ, நான்கு நாள் விடுமுறையும், கடலோர வீடொன்றில் தங்கவேண்டும் என்ற நெடுநாள் ஆசையுமே காரணங்கள்.

புறப்படுவதற்கு முன்னாள் வகுப்பில் இதைச் சொன்னேன். தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒருவரின் மகள் எழுந்து நின்றாள். அவள் தந்தையார் தஞ்சைக் கடற்கரையிலிருந்து வந்தவர், மீனவர் குடும்பம். "ஐயா, கடல் அவ்வளவு அழகென்றால் எங்கள் அப்பா ஏன் அதை விட்டு இங்கே வந்தார்?" என்று கேட்டாள். விடை எனக்குத் தெரியவில்லை. வந்து சொல்கிறேன் என்று கூறி இரவு வண்டி ஏறினேன்.

நான் சென்ற ஊர் தரங்கம்பாடி. இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. நான் தங்கியது கடலை நோக்கிய பழைய நாட்டு ஓட்டு வீடு. சுண்ணாம்புக் காரை பூசிய தடித்த சுவர்கள், நீண்ட திண்ணை, உப்புக் காற்றில் துருவேறித் திறக்க மறுக்கும் பூட்டு. கொல்லையில் ஒரு கிணறு. அலைக்கு இவ்வளவு அருகில் தோண்டிய கிணற்றில் உப்புநீர்தான் இருக்கும் என்று எண்ணினேன். குடித்துப் பார்த்தால் நல்ல நீர்! மணலில் இறங்கும் மழைநீர், எடை குறைந்ததாகையால், கீழேயுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. அளவாக இறைத்தால் இனிக்கும். பேராசையோடு இறைத்தால் உப்பு மேலேறிவிடும். கடற்கரை வாழ்வின் முதற்பாடம் இதுவே.

முதலிரவு உறக்கம் வரவில்லை. அலையோசையைக் கேட்டவாறு, இவ்வூருக்கு வந்து தங்கிய அயலாரை எண்ணிக் கிடந்தேன். டேனிய நாட்டுக் கப்பல் ஒன்று காரைக்காலுக்கு அருகே போர்த்துக்கீசியரால் தாக்கப்பட்டு அழிந்தது. அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே என்பவர் தஞ்சை நாயக்கர் அரசவையை அடைந்தார். மிளகு வாணிகத்தை நாடி வந்த டேனியருக்கு இடம் கிடைத்தது அதன் பிறகே. 1620 நவம்பரில் இரகுநாத நாயக்கரும் டேனியத் தளபதி ஓவே கெட்டேயும் உடன்படிக்கை செய்துகொண்டனர். டேனிய மன்னருக்கு நாயக்கர் பொன்னேட்டில் விடுத்த ஓலை தமிழில் எழுதப்பட்டது; அவர் கையொப்பமோ தெலுங்கில் உள்ளது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் எங்கள் எல்லையூர் மாணவர்களுக்கு இது வியப்பளிக்காது.

கடலோரத்தில் டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. ஆனால் தாய்நாடு போர்களில் சிக்கியது. வாணிகக் கழகம் 1650-இல் கலைக்கப்பட்டது. கால் நூற்றாண்டளவு டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. உடனிருந்தோர் ஒவ்வொருவராக மாண்டனர். இறுதியில் எஞ்சியவர் எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே என்னும் ஒரே ஒரு டேனியர். அவர் பெருங்குடியிற் பிறந்தவர் அல்லர். ஊரைச் சுற்றி மதிலெழுப்பினார். கடலிற் செல்லும் பிறர் கலங்களைக் கைப்பற்றியும் காலந்தள்ளினார். புகழத்தக்க செயல் என்று இதனைச் சொல்ல மாட்டேன். ஆயினும், கலைந்துபோன கழகத்தின் கொடியை அவர் இறக்கவில்லை. 1669-இல் கப்பல் வந்தபோது கோட்டை நின்றது, அவரும் நின்றார். நான் நான்கு நாள் இன்பத்துக்காகப் பார்த்த அதே கடலை, அவர் எத்தனை விடியலில் ஒரு பாய்மரத்திற்காகப் பார்த்திருப்பார்!

பின்னர் 1706-இல் சீகன்பால்கு வந்தார், அச்சகம் வந்தது, 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு இங்கே அச்சாகி முடிந்தது. 1845-இல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சீராம்பூரையும் பன்னிரண்டரை இலட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றனர். 1860-களில் நாகப்பட்டினத்திற்கு இருப்புப்பாதை அமைய, வாணிகமும் அங்கே பெயர்ந்தது. தெருக்கள் அமைதியாயின.

மறுநாள் மாசிலாமணிநாதர் கோயிலுக்குச் சென்றேன். ஏறத்தாழ 1305-இல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில் அது. அதன் முற்பகுதி கடலுக்கு இரையாகிவிட்டது. எங்கள் இரயில் நிலையத்துப் பலகை கடலை அசையாத கோடாகக் கருதி எங்களை அளக்கிறது. கடலோ கரையை விட்டுவைக்கவில்லை.

கரையில் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இவ்வூர் மீனவர் குடியிருப்பும் சிதைந்தது. அதன்பின் கடலைவிட்டு உள்ளே தள்ளிப் புது வீடுகள் கட்டித் தரப்பட்டன. "வீடு நல்ல வீடுதான் தம்பி. ஆனால் படுத்திருந்தால் கடல் காதில் விழவில்லை. காற்று எப்பக்கம் வீசுகிறது, நீர் எப்படி ஓடுகிறது, ஒன்றும் தெரியவில்லை. ஆண்பிள்ளைகள் மூன்று மணிக்கே எழுந்து கரைவரை நடந்து வந்து பார்த்துவிட்டுத்தான் வலையைத் தூக்குகிறார்கள்" என்றார். பிறகு நான் தங்கியிருந்த வீட்டைக் காட்டி, "அங்கே இருப்பவர்களுக்குக் கடல் கேட்கிறது, ஆனால் அவர்களுக்கு அதில் வேலை இல்லை" என்றார். அதில் சினம் இல்லை, உள்ளதைச் சொன்னார். எனக்குத்தான் தலை கவிழ்ந்தது.

ஓசூர் திரும்பியதும் வகுப்பில் இவற்றையெல்லாம் சொன்னேன். கடலின் அழகு குறைந்ததால் உன் தந்தையார் வந்தார் என்று நான் கருதவில்லை. விட்டு வருவதும் தங்கி நிற்பதும் அவரவர் சுமையைப் பொறுத்தவை. அதை அவரிடமே கேட்டறிவாய் என்று அந்த மாணவியிடம் கூறினேன். அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அப்பா இப்போதும் மூன்று மணிக்கு எழுந்துவிடுவார், ஐயா. ஆலையில் பகல் வேலைதான். வாசலில் போய் நின்று வானத்தைப் பார்ப்பார்" என்றாள்.

மாணவ நண்பர்களே, கோட்டைகளின் வரலாறு நூல்களில் இருக்கிறது. வாசலில் நின்று வானம் பார்ப்பவரின் வரலாற்றை நீங்கள்தாம் கேட்டு எழுதவேண்டும். அவர் உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும்.