கல்லூரி மாணவர்களின் உணவுப் பழக்கமும் உடல் எடை குறித்த எண்ணமும்

ஆட்டையாம்பட்டியிலிருந்து சேலம், திருச்செங்கோடு பகுதிக் கல்லூரிகளுக்குப் பேருந்தில் சென்று வரும் மாணவரா நீங்கள்? அத்தகைய மாணவரின் பெற்றோரா? உடல் தோற்றம் குறித்த கவலை பெண்களுக்கு மட்டும் உரியதன்று. இளைஞர்கள் அதனை வெளியில் சொல்வதில்லை. இயல்பான எடையுள்ள ஆண்கள் பலர் தம்மை ஒல்லியானவர் என்று கருதுகின்றனர். மிகை எடையுள்ளோர் சிலர் தமக்குக் குறையேதும் இல்லை என்று கருதுகின்றனர். எனவே, கண்ணாடியையோ நண்பர்களின் கேலியையோ நம்பி உணவை மாற்றாதீர்கள். முதலில் அளந்து பாருங்கள்.

எடை சரியானதா என அறிவது எப்படி?

கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் உடல் நிறை குறியீட்டெண் கிடைக்கும். 18 வயது நிறைந்த இந்தியர்களுக்கு:

- 18.5-க்குக் கீழ்: குறை எடை
- 18.5 முதல் 22.9 வரை: இயல்பான எடை
- 23 முதல் 24.9 வரை: மிகை எடை
- 25-உம் அதற்கு மேலும்: உடல் பருமன்

170 செ.மீ. உயரமும் 58 கிலோ எடையும் உள்ளவரின் குறியீட்டெண் ஏறத்தாழ 20. பிறர் அவரை ‘ஒல்லி’ என்றாலும் அவரது எடை இயல்பானதே. ஆண்களின் இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.-ஐத் தாண்டினால், எடை இயல்பாக இருப்பினும் கவனம் தேவை.

என்ன உண்ணலாம்?

காலைப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் சிற்றுண்டியைத் தவிர்ப்பவர், மாலையில் கடும் பசியுடன் பொரித்த தின்பண்டங்களை நாடுகிறார். பெயர்பெற்ற நம் ஊர் முறுக்கை விலக்க வேண்டியதில்லை. ஆனால் எண்ணெயில் பொரித்த அரிசி மாவுப் பண்டம் ஒரு வேளை உணவுக்கு ஈடாகாது. நேரமில்லாத நாளில் இரண்டு இட்லியும் ஓர் அவித்த முட்டையும் கட்டி எடுத்துச் செல்லலாம்.

60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் போதும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராமும், ஒரு கைப்பிடி (30 கிராம்) நிலக்கடலையில் சுமார் 7 கிராமும் உள்ளன. பருப்பு, கொள்ளு, தயிர், மீன் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால் தேவை நிறைவுறும். புரத மாவுகளைத் தவிர்க்குமாறு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல் அறிவுறுத்துகிறது.

எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

மருத்துவர் பரிந்துரையின்றி எடை கூட்டும் மாத்திரைகளையோ தசை வளர்க்கும் ஊசிகளையோ பயன்படுத்தாதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரைகளால் முகம் வீங்கலாம், இரத்தச் சர்க்கரை உயரலாம், எலும்பு வலுவிழக்கலாம். தசை வளர்க்கும் ஸ்டீராய்டு ஊசிகள் விந்தணு உற்பத்தியைக் குறைக்கும், இதயத்தையும் பாதிக்கும். ஏற்கெனவே உட்கொண்டு வருபவர் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கூறி ஆலோசனை பெற வேண்டும்.

பெற்றோர் கவனத்திற்கு

- உணவைத் தொடர்ந்து தவிர்த்தல், உண்டபின் வாந்தி எடுத்தல்
- தோற்றத்தை எண்ணி நண்பர்களையும் விழாக்களையும் விலக்குதல்
- காயம், காய்ச்சலின்போதும் உடற்பயிற்சியை விடாதிருத்தல்

இவை பிடிவாதம் அல்ல. மனநலப் பாதிப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். உறவினர் முன்னிலையில் எடையைப் பற்றிப் பேசுவதையும் பிறருடன் ஒப்பிடுவதையும் தவிருங்கள். தனியே அமர்ந்து, குறுக்கிடாமல் கேளுங்கள்.

எங்கு உதவி பெறலாம்?

காரணமின்றி எடை வேகமாகக் குறைந்தாலோ, மயக்கம் அல்லது நெஞ்சுப் படபடப்பு ஏற்பட்டாலோ, அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். மேல்சிகிச்சைக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். உடல்நல ஆலோசனைக்கு 104, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களைக் கட்டணமின்றி அழைக்கலாம்.